உளவியல் ஒதுக்கிவைத்த கேள்வி

1879-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தத்துவத்திலிருந்து பிரிந்து உளவியல் தனி அறிவியலானது அந்த ஆண்டில்தான் என்று உலகெங்கும் முதலாமாண்டு மாணவர்கள் படிக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பின்னிரவில், இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் சுந்தரமய்யர் என்ற வக்கீலின் வீட்டில் வேங்கடராமன் பிறந்தார். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர் அவர்தான். இவ்விரு நிகழ்வுகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க அந்த ஆண்டு நல்ல தொடக்கப் புள்ளி. மனிதன் தன் மனத்தைத் தானே நோக்க முடியுமா, நோக்கினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இரண்டுமே கையில் எடுத்தன. போன வழி வேறு, போய்ச் சேர்ந்த இடமும் வேறு.

ரமணரைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பக்தி நூல். அதில் உளவியலுக்கு வேலையில்லை. மற்றது, அவர் சொன்னதை இன்றைய மூளை ஆய்வு நிரூபித்துவிட்டது என்று அறிவிக்கும் கட்டுரை. அதில் உளவியல் சான்றிதழ் வழங்கும் அலுவலகமாகிவிடுகிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அகநோக்கு, தன்னுணர்வு, நினைவு, அச்சம், வலி என்று உளவியல் பாடநூலின் முதல் அத்தியாயங்களில் வரும் கருத்துகளைத் தமிழ் மாணவர் ஒருவர் சோதித்துப் பார்க்க, ஆவணங்களோடு கூடிய ஒரு வாழ்க்கை நம் ஊரிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு என்பதே என் வாதம்.

வுண்டின் கூடத்தில் நடந்தது என்ன? ஓசை, ஒளி, எடை போன்ற தூண்டல்களை அளந்து கொடுப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் தமக்குள் எழும் உணர்வைக் காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் அகநோக்கு முறை. வேதியியல் பொருள்களைத் தனிமங்களாகப் பிரித்ததுபோல மனத்தையும் அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துவிடலாம் என்று அவருடைய மாணவர் எட்வர்ட் டிச்சனர் அமெரிக்காவில் நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. வூர்ட்ஸ்பர்க் நகரில் ஆஸ்வால்ட் குல்பேயின் குழுவினர், எந்த உருவமும் மனத்தில் தோன்றாமலே சிந்தனை நடக்கிறது என்றார்கள். டிச்சனரின் ஆய்வாளர்களோ ஒவ்வொரு சிந்தனைக்கு அடியிலும் ஓர் உருவத்தைக் கண்டார்கள். இருவரும் உள்ளே பார்த்துத்தான் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாமவரால் முடியவில்லை. 1913-இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்கர் இந்த வழக்கையே தள்ளுபடி செய்தார். உளவியல் வெளியில் தெரியும் நடத்தையை மட்டும் ஆராயட்டும், உள்ளே பார்ப்பது அறிவியலுக்கு ஆகாது என்றார். அடுத்த சுமார் நாற்பது ஆண்டுகள் அமெரிக்க உளவியலில் அவர் கட்சியின் கையே ஓங்கியிருந்தது.

வாட்சனின் கெடுபிடி பின்னர் தளர்ந்தது. ஆனால் அகநோக்கின் மீது விழுந்த ஐயம் தளரவில்லை. ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கடைச் சோதனை வருகிறது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஆனாலும் வலக் கோடியில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, மென்மை என்று காரணங்கள் வந்தன. வைத்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டதற்கு மறுத்தார்கள். நாம் ஏன் ஒன்றைச் செய்தோம் என்பது நமக்கே தெரியாமல் இருக்கலாம்; தெரியாதபோதும் காரணம் சொல்ல நாம் தயங்குவதில்லை. உளவியல் இந்த நூறாண்டில் கற்றுக்கொண்டவற்றில் இது மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

இனி திருவண்ணாமலைக்கு வருவோம். 1902-இல் தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, மலைமேல் விரூபாட்சிக் குகையில் இருந்த இளந்துறவியைப் பார்க்கப் போனார். தத்துவம் படித்தவர். துறவிக்கு அப்போது வயது 22, பேசுவதில்லை. பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டினார். அந்த விடைகளே 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வெளிவந்தன. பின்னர் ரமணரே அதைக் கட்டுரை வடிவிலும் எழுதினார். அதில் உள்ள முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் போகாதே, அது யாருக்கு எழுந்தது என்று பார், எனக்கு என்று விடை வந்தால், அந்த நான் யார் என்று அது தோன்றிய இடத்துக்கே கவனத்தைத் திருப்பு.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இதுவும் வுண்டின் அகநோக்கும் ஒன்றாகத் தோன்றும். வுண்டின் ஆய்வாளர் உள்ளே பார்த்து, அங்கே கிடப்பதைப் பற்றி அறிக்கை தருகிறார்: இன்ன நிறம், இன்ன அழுத்தம், இன்ன உணர்ச்சி. ரமணர் சொல்லும் விசாரத்தில், அதாவது இந்த ‘நான் யார்’ என்ற தேடலில், அங்கே கிடப்பவை பொருட்டே அல்ல. பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. அறிக்கை எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆகவே காலுறைச் சோதனை இந்த முறையை நேராகத் தாக்காது. தன் செயலுக்கான காரணத்தைத் தானே கண்டுகொண்டதாகச் சொல்பவரைத்தான் அது தாக்கும். ஆனால் அறிக்கை இல்லாத இடத்தில் மூன்றாமவர் சரிபார்க்கவும் ஒன்றுமில்லை. பொது அறிவியலாக விசாரம் ஆக முடியாததற்கு அதுவே காரணம். இரண்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலை உளவியலில் இந்தக் கேள்விக்கு மிக அருகே வந்தவர் வில்லியம் ஜேம்ஸ். 1890-இல் வெளியான அவருடைய ‘உளவியல் கோட்பாடுகள்’ என்ற பெருநூலில் தன்னுணர்வைப் பற்றிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. தன்னை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். அறியப்படும் தான் ஒன்று: என் உடல், உடை, வீடு, குடும்பம் முதலியன, மற்றவர் கண்ணில் எனக்குள்ள முகம், என் எண்ணங்களும் இயல்புகளும். அறியும் நான் மற்றொன்று. முதலாவதை ஆராய்வது எளிது, இரண்டாவதை ஆராய்வது கடினம் என்று அவர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். ஓடும் எண்ணத்தை நிறுத்திப் பார்க்க முனைவது, இருட்டு எப்படியிருக்கிறது என்று காண விளக்கை விரைந்து ஏற்றுவதைப் போன்றது என்பது அவருடைய ஒப்புமை. இறுதியில், அந்தந்தக் கணத்தில் கடந்துபோகும் எண்ணமே எண்ணுபவன், அதற்கு மேல் ஆன்மா என்ற ஒன்று உளவியலுக்குத் தேவைப்படாது என்று முடித்து, அறியும் நானைத் தத்துவத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த முடிவின் விளைவை எந்தப் பாடநூலிலும் காணலாம். தன்னைப் பற்றிய கருத்து, தன்மதிப்பு, ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை ஆகிய அனைத்தும் அறியப்படும் தானைப் பற்றியவை. 1970-இல் கார்டன் கேலப் மயக்கத்தில் இருந்த சிம்பன்சிகளின் முகத்தில் சாயம் தடவி, விழித்தபின் கண்ணாடி முன் விட்டுப் பார்த்த சோதனையும் அந்த வகையே. சிம்பன்சி கண்ணாடியில் கண்டு தன் முகத்திலிருந்த சாயத்தைத் தொட்டது. மனிதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் இது கைவருகிறது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிவது பெரிய அறிவு. ஆயினும் அறிவது எது என்ற கேள்வி அங்கேயும் தொடப்படவில்லை. உளவியல் இதில் தவறு செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அளக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு அளக்க முடியாததை ஒதுக்கியதால்தான் அது வளர்ந்தது. ஒதுக்கி வைத்தோம் என்பதை மறந்து, இல்லவே இல்லை என்று சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

இப்போது 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து நிகழ்ச்சி. தந்தை 1892-இல் இறந்தபின் வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டில் தங்கி அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துவந்தார். வயது 16. மாடி அறையில் தனியே இருந்தபோது திடீரென்று சாகப்போகிறோம் என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. வைத்தியரையோ பெரியவர்களையோ அவர் அழைக்கவில்லை. கை கால்களை நீட்டிப் பிணம்போல் படுத்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டார். இந்த உடம்பு செத்துவிட்டால் நானும் செத்துவிடுவேனா என்று ஆராய்ந்தார். உடம்பு விழுந்தாலும் நான் என்பது விழாது என்ற தெளிவு அப்போது ஏற்பட்டதாகவும், மரண பயம் அன்றோடு போய்விட்டதாகவும் வரலாறு சொல்கிறது.

உளவியல் மாணவர் எவருக்கும் இதைப் படித்தவுடன் பேனிக் அட்டாக் என்னும் பீதித் தாக்கு நினைவுக்கு வரும், வர வேண்டும். வெளிக் காரணமின்றிச் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் அச்சம், செத்துவிடுவோம் என்ற எண்ணம், தன் உடம்பிலிருந்தே தான் விலகி நிற்பது போன்ற உணர்வு ஆகியவை அதன் அறிகுறிப் பட்டியலில் உள்ளவை. பதின்வயதின் பின்பகுதியிலும் இளமைத் தொடக்கத்திலும் அது முதன்முறை தலைகாட்டுவதும் வழக்கம். தந்தையை 12 வயதில் இழந்த பையன் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். பதின்வயதில் நான் யார் என்ற கேள்வி நெருக்கடியாக எழுவதை அடையாள நெருக்கடி என்று எரிக் எரிக்சன் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் அறிகுறி பொருந்துவதாலேயே விளக்கம் முடிந்துவிடுவதில்லை. 1986-இல் டேவிட் கிளார்க் பீதித் தாக்குக்கு ஒரு விளக்கம் தந்தார். நெஞ்சு படபடப்பதை மாரடைப்பு என்று மனம் தவறாகப் பொருள் கொள்கிறது. அதனால் அச்சம் கூடுகிறது. அச்சம் கூடப் படபடப்பும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க இன்றைய சிகிச்சையாளர்கள் செய்வது, அஞ்சும் உடல் உணர்வை நோயாளியே வேண்டுமென்று வரவழைத்து, ஓடாமல் அதனோடு இருக்கப் பழக்குவது. மதுரை மாடியில் நடந்ததாகச் சொல்லப்படுவது இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். சாவுக்கு அஞ்சிய பையன் சாவையே நடித்துப் பார்க்கிறான். தாக்கு என்ற சொல் தொடக்கத்தை விளக்கக்கூடும். அவன் அதை எதிர்கொண்ட விதத்தையும், அதற்குப் பின்வந்த 54 ஆண்டு வாழ்க்கையையும் அது விளக்காது.

இங்கே ஆய்வாளர் நின்று கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. இந்த நிகழ்ச்சி நமக்கு எப்படித் தெரியும்? பலரும் மேற்கோள் காட்டும் தன்மைக் கூற்று 1931-இல் பி.வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அதாவது 35 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. ரமணர் பேசும்போது ‘நான்’ என்று சொல்வது அரிது என்றும், அவருடைய சொற்களை அப்படியே தரவில்லை என்றும் நூலாசிரியரே குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு, 1932-இல், கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லட் நினைவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நினைவு என்பது சேமித்ததை அப்படியே எடுத்துத் தருவதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பது அதன் சாரம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சில ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் கேட்டபோது பலருடைய விவரங்கள் தலைகீழாக மாறியிருந்தன. உறுதி மட்டும் குறையவில்லை. 35 ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் கை வழியாக வந்த கூற்றை வரிவரியாக நம்பி அதன்மேல் கோட்பாடு கட்டுவது, பக்தருக்குத் தகும்; ஆய்வாளருக்குத் தகாது.

நல்லவேளையாக நம்மிடம் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எழுதி வைத்த கடிதம். மாடியறை நிகழ்ச்சிக்குச் சுமார் ஆறு வாரங்கள் கழிந்திருந்தன. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். கடிதம் தன்னைத் தானே ‘நான்’ என்று குறிப்பிட்டுத் தொடங்குகிறது. அடுத்த வாக்கியங்களிலேயே ‘இது’ என்று மாறிவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள் மட்டும். அதே கடிதம், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கணக்கையும் ஒப்படைக்கிறது. 1931-இன் விரிவான வருணனையைக் காட்டிலும் இந்தச் சில வரிகளே எனக்குப் பெரிய சான்றாகப் படுகின்றன. தன்னைப் பற்றிய பேச்சில் ஏதோ ஆழமாக மாறிவிட்டது. அதே சமயம் பணக்கணக்கு, அண்ணன் மீதான பொறுப்பு, வீட்டார் தேடிச் செலவழிக்கக் கூடாது என்ற கரிசனம் ஆகியவை சிதறவில்லை. சிந்தனை குலைந்த ஒருவரின் கடிதம் இப்படி இருக்காது.

மருத்துவர் இதற்கு மேலும் ஒரு வினா எழுப்புவார். செப்டம்பர் 1-ஆம் நாள் அண்ணாமலையார் கோயிலை அடைந்தவர், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே உடம்பைப் பூச்சிகள் அரிப்பதுகூடத் தெரியாமல் கிடந்தாரே, பிறர் ஊட்ட வேண்டியிருந்ததே, அது செயலிழப்பு அல்லவா? நியாயமான வினாதான். அந்த ஆண்டுகளை மட்டும் கண்ட மருத்துவர் கவலைப்பட்டிருந்தால் அது பிழையன்று. ஆனால் நோயறிதலுக்கு ஒரு பருவத்தின் படம் போதாது. முழு வாழ்க்கையின் போக்கு வேண்டும். அதே மனிதர் பிற்காலத்தில் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், அச்சுப்படி திருத்தினார், வந்தவர்களின் கேள்விகளுக்கு அவரவர் நிலைக்கேற்ப விடை சொன்னார், குரங்குகளின் சச்சரவைக்கூடக் கவனித்துத் தீர்த்தார். விலகல் உணர்வு நோயாக இருந்தால் அது துன்பத்தையும் முடக்கத்தையும் தரும். இங்கே அந்த இரண்டும் நிலைக்கவில்லை.

பார்க்க வந்தவர்களின் மனமும் ஆய்வுக்குரியதுதான். 1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். ரமணரைச் சந்திக்கும் முன்பே மயங்கி விழுந்தார். ஓர் அறையில் கிடத்தினார்கள். ரமணர் அங்கே வந்து சற்று நேரம் அமர்ந்திருந்தார். மாமுக்கு இப்படி மயக்கம் வருவது புதிதல்ல, முன்பும் வந்திருக்கிறது. ஆனால் மகரிஷியின் சக்தியால் வெள்ளைக்கார எழுத்தாளர் சமாதியில் ஆழ்ந்தார் என்று செய்தி பரவியது. நாட்டின் மற்ற ஊர்களிலும் மக்கள் அவரை வியப்போடு பார்க்க வந்தார்கள். இதை அவரே 1958-இல் வெளியான கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார். உளவியல் இதைக் காரணம் கற்பித்தல் என்ற தலைப்பில் வைக்கும். ஒரே மயக்கத்தை மருத்துவர் உடலில் வைத்து விளக்குவார், பக்தர் குருவில் வைத்து விளக்குவார்; எதிர்பார்ப்பே காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அனுபவம் தனக்கே நேர்ந்தபோதும் அதை மிகைப்படுத்தாமல் பதிவு செய்த மாமின் நேர்மை, ஆன்மிக அனுபவங்களை எழுதும் எல்லாருக்கும் பாடம்.

மாமுக்குச் சில மாதங்கள் முன்னர், 1937 டிசம்பரில், கார்ல் யுங் இந்தியாவுக்கு வந்திருந்தார். கல்கத்தாவில் 1938 தொடக்கத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கான அழைப்பு அது. நனவிலி மனத்தைப் பற்றி ஃபிராய்டுக்கு அடுத்து உலகம் உற்றுக் கேட்ட குரல் அவருடையது. தெற்கே சென்னை, திருவனந்தபுரம், இலங்கை வரை வந்தவர் திருவண்ணாமலைக்கு மட்டும் வரவில்லை. ரமணரைப் பற்றி ஜெர்மனில் நூல் எழுதிய ஹைன்ரிஷ் சிம்மர் அவருடைய நண்பர். 1943-இல் சிம்மர் இறந்தபின் அந்நூலை 1944-இல் வெளியிட்டு முன்னுரையும் எழுதியவர் யுங். போயிருக்க வேண்டுமோ என்ற உறுத்தல் அந்த முன்னுரையில் தெரிகிறது. ஆனால் ரமணர் இந்திய மண்ணில் எங்கும் காணக்கூடிய ஒரு வகையின் உச்சம். வகையை அறிந்தால் போதும் என்பதே அவர் தரும் சமாதானம். அதைவிடச் சுவையான செய்தி, திருவனந்தபுரத்தில் அவர் சந்தித்த ரமணரின் அடியார் ஒருவரைப் பற்றியது. பள்ளி ஆசிரியர் போன்ற எளிய நிலையில், பெரிய குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மனிதர். குருவையே விஞ்சியவர் இவர் என்று யுங் வியக்கிறார்.

யுங் வராமல் இருந்ததற்கு நேரமின்மை மட்டும் காரணமல்ல என்பது என் கணிப்பு. தன்முனைப்பு என்ற மையம் இல்லாமல் நனவு இருக்க முடியாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. நான் என்ற எண்ணம் ஒடுங்கினால் மிஞ்சுவது நனவிலியே. அதை அறிந்தேன் என்று சொல்ல அங்கே ஆளே இல்லை என்பார். ரமணரின் வாதம் நேர் எதிரானது: நான் என்ற எண்ணம் ஒடுங்கிய இடத்தில்தான் உணர்வு தடையின்றி விளங்குகிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. உளவியல் மாணவர் ஒருவர் உட்கார்ந்து சிந்திக்க இதைவிட நல்ல முரண் கிடைப்பது கடினம். யுங் நேரில் வந்து இதைக் கேட்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டு உளவியலுக்கு ஓர் அரிய உரையாடல் கிடைத்திருக்கும்.

இந்த முரணைச் சோதிக்க ரமணர் அடிக்கடி எடுத்தது கனவில்லாத உறக்கம். உறக்கத்தில் எண்ணமும் இல்லை, உலகமும் இல்லை. ஆனாலும் சுகமாகத் தூங்கினேன் என்று எழுந்ததும் சொல்கிறோம். அப்படியானால் அங்கே இருந்தது யார்? வேதாந்தத்தின் பழைய வாதம்தான். அதை இன்று அறிவியலாரும் திரும்ப எடுத்திருக்கிறார்கள். எவன் தாம்சன் 2014-இல் வெளியிட்ட நூலில் இந்திய வாதத்தை விரிவாக ஆராய்ந்தார். அவரும் ஜெனிஃபர் வின்ட், டோரே நீல்சன் ஆகியோரும் 2016-இல், கனவில்லாத உறக்கம் முழுதும் உணர்வற்றது என்று முன்கூட்டியே முடிவு கட்டக் கூடாது, அதிலும் பல நிலைகள் இருக்கலாம் என்று எழுதினார்கள். கேள்வி திறந்திருக்கிறது என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. எழுந்தபின் சொல்வது உறக்கத்தின் நினைவா, விழித்த மனத்தின் ஊகமா என்ற ஐயத்தை யாரும் இன்னும் தீர்க்கவில்லை.

மூளைப் படங்களைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். வேலை ஏதும் இல்லாமல் சும்மா இருக்கும்போது கூடுதலாக இயங்கும் மூளைப் பகுதிகளின் வலையமைப்பை 2001-இல் மார்கஸ் ரைக்கிலின் குழு இனங்கண்டது. தன்னைப் பற்றிய எண்ண ஓட்டத்தோடு அது தொடர்புடையது. 2010-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரைக் கைபேசி வழியே இடையிடையே கேட்டதில், ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லாமல் அலைவது தெரிந்தது. அலையும்போது மகிழ்ச்சி குறைவாக இருந்தது. தியானத்தில் தேர்ந்தவர்களிடம் அந்த வலையமைப்பின் இயக்கம் தணிகிறது என்று 2011-இல் ஜட்சன் புரூவர் குழு கண்டது. நல்ல ஆய்வுகள். ஆனால் தணிவது அறியப்படும் தானைப் பற்றிய கதையோட்டம். அறியும் நான் என்பது மூளைக்கு அப்பாற்பட்டது என்றோ, மூளையின் விளைவே என்றோ இவை எதையும் காட்டவில்லை. ரமணரை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று எழுதுபவர்கள் இந்த ஆய்வுகளை முழுதாகப் படிக்கவில்லை.

ரமணரின் கடைசி ஆண்டு வலியைப் பற்றிய பாடம். 1949 தொடக்கத்தில் இடது முழங்கைப் பக்கம் ஒரு கட்டி தோன்றியது. சார்க்கோமா என்ற புற்று. அவ்வாண்டில் நான்கு முறை அறுவை செய்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். வலி இல்லை என்று அவர் சொன்னதில்லை. வலி இருக்கிறது, அது உடம்புக்கு என்பதாக இருந்தது அவர் நிலை. 1968-இல் ரொனால்ட் மெல்சாக், கென்னத் கேசி இருவரும் வலியைப் பிரித்துக் காட்டினார்கள்: எங்கே, எவ்வளவு என்று அறியும் புலனுணர்வு ஒன்று, பொறுக்க முடியவில்லை என்ற துன்பம் மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தாலும் ஒன்றல்ல. ஜென் தியானிகளிடம் வலியின் புலனுணர்வுக்கும் அதை மதிப்பிடும் சிந்தனைக்குமான பிணைப்புத் தளர்கிறது என்று 2011-இல் ஜோஷுவா கிரான்ட் குழு எழுதியது. பக்கத்தில் இருந்த மருத்துவர்கள் 1949-இல் கண்டதைப் புரிந்துகொள்ள, பாடநூலில் வேறெந்தக் கருத்தும் இவ்வளவு உதவாது.

அண்ணாமலையைச் சுற்றி நடக்கும் கிரிவலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஜேம்ஸ் சொன்ன அறியப்படும் தானில் சமூகத் தான் ஒரு பெரும் பகுதி. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் அது நடப்பதைக் காணலாம். கூட்டத்தில் சேர்ந்தவன் அறிவிழக்கிறான் என்று 1895-இல் குஸ்தாவ் லெ பான் எழுதியது நீண்டகாலம் பாடமாக இருந்தது. 2011-இல் அலகாபாத் மாக மேளாவில் இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அங்கே ஒரு மாதம் தங்கிய 416 பேரையும் ஊரிலேயே இருந்த 127 பேரையும் ஒப்பிட்டபோது, குளிரும் இரைச்சலும் நெரிசலும் இருந்தும், போய்வந்தவர்களின் நலவுணர்வே கூடியிருந்தது. எல்லாரும் நம்மவர் என்ற பகிர்ந்த அடையாளம் அதற்குக் காரணம் என்று அக்குழுவினர் கருதுகிறார்கள். நான் என்பதன் மூலத்தைத் தேடச் சொன்ன ரமணரும் 1926 வரை மலையைச் சுற்றி நடந்தார். அடியார்களையும் நடக்கச் சொன்னார். தனித்து உள்ளே திரும்புவதும் பலரோடு நடப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

கடைசியாக, மனத்துக்குள் சங்கடம் தாங்காமல் இந்த ஊருக்கு வருபவர்களைப் பற்றி. திருவண்ணாமலைக்கு வரும் இளைஞர்களில் சிலர் ‘நான்’ கரைந்துபோகும் அனுபவத்தைத் தேடி வருகிறார்கள். சிலருக்கு அது கேட்காமலே வந்து அச்சுறுத்துகிறது. 2017-இல் ஜாரெட் லிண்டால், வில்லபி பிரிட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மேலைநாட்டுப் பௌத்தத் தியானப் பயிற்சியாளர் 60 பேரிடம் பேசிச் சேகரித்த இடர்ப்பாடுகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. தன்னுணர்வு குலைவதும் அவற்றில் ஒன்று. சிலருக்கு அது நாள்கணக்கில் நில்லாமல் ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. 16 வயதில் வேங்கடராமனுக்குத் தெளிவாக முடிந்த ஒன்று இன்னொருவருக்கு நோயாகத் தொடரலாம். விசாரம் என்பது பீதித் தாக்குக்கோ மனச்சோர்வுக்கோ மருந்தன்று. பீதித் தாக்குக்கு இன்று நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை இருக்கிறது. அதைப் பெறுவதால் யாருடைய ஆன்மிகமும் குறைந்துவிடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன்னுணர்வு பற்றிய பாடத்தை ஜேம்ஸோடு நிறுத்திவிடாமல் 1896-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் வகுப்பில் படியுங்கள். எது சான்று, எது பின்னாளைய கூற்று, எது நம் விருப்பம் என்று மாணவர்களே பிரித்துப் பார்க்கட்டும். வழிபடவும் வேண்டாம், வழக்காடவும் வேண்டாம்.

உறக்கம் கெட்டு, அச்சம் தொடர்ந்து, உலகமே நிழலாகத் தெரிகிறது என்று சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலோ விடுதியிலோ இருந்தால், தியானத்தைக் கூட்டச் சொல்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடனடியாகப் பேச ஆள் வேண்டுமென்றால், 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.